பள்ளிப் பிள்ளைகளோடு செட்டிநாட்டில் இரண்டு இரவு: சுமாரான ரிசார்ட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேட்டிருப்பது இதுதான். திருச்சியிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 44 பேர் செட்டிநாட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள். வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். கூடப் போகும் ஆசிரியர்கள் 4 பேர், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். தங்குவதற்குக் காரைக்குடிக்கு வெளியே ஒரு ரிசார்ட்டைப் பள்ளி பதிவு செய்துவிட்டது. போய் வந்தவர்கள் எல்லாரும் அதைச் ‘சுமார்’ என்கிறார்கள். முதல்முறை பொறுப்பேற்றுப் போகும் நீங்கள், இடத்தை மாற்றச் சொல்லலாமா, பிள்ளைகளை நீச்சல்குளத்தில் விடலாமா, வேறு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. பத்தொன்பது வருடத்தில் பதினாறு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போய்த் தங்கியிருக்கிறேன். அதில் ஆறு முறை செட்டிநாடு. ஒருமுறைகூட நல்ல ரிசார்ட் கிடைத்ததில்லை, ஏனென்றால் பெற்றோர் கொடுக்கும் பணத்துக்கு அது கட்டாது. அதனால் இடத்தை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அந்தத் தெம்பை வேறு இரண்டு விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒருநாள் முன்னதாகப் போய் இடத்தைப் பார்க்க அனுமதி, பெண்பிள்ளைகளுக்குப் போதுமான ஆசிரியைகள். உங்கள் கணக்கில் ஒருவருக்கு 11 பிள்ளைகள் வருகிறார்கள். சமாளிக்கலாம். ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஓர் ஆசிரியை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், இருபது பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆசிரியைதான் மிஞ்சுவார். மூன்றாவதாக ஓர் ஆசிரியை வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் விடாமல் கேளுங்கள்.

சுமாரான ரிசார்ட்டில் என்ன ஆபத்து என்று பலருக்கும் புரிவதில்லை. கறை படிந்த போர்வை, ஒழுகும் குழாய், சத்தம் போடும் ஏசி இவற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கவும் மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தால் அங்கே நீச்சல்குளம் இல்லை, பயமும் இல்லை. பெரிய ஹோட்டலில் குளமும் இருக்கும், குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருப்பார். நடுவாந்தரமான இடத்தில்தான் பொருள் இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. குளம் உண்டு, காவலுக்கு ஆள் கிடையாது. ஜெனரேட்டர் உண்டு, அதன் ரூம் சாவியை வைத்திருப்பவர் இரவு வீட்டுக்குப் போய்விடுவார். அறையில் போன் உண்டு, பதினொரு மணிக்கு மேல் எடுக்க ஆள் இல்லை. பஃபே பாத்திரம் பளபளவென்று இருக்கும், அடியில் சூடு காக்கும் விளக்கு எரியாது. முன்னதாகப் போய்ப் பார்க்கும்போது ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, ‘இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ராத்திரி இருப்பார்களா?’ என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் நீங்கள் நால்வரில் ஒருவர் நிற்க வேண்டும், இல்லையென்றால் அதைப் பூட்டச் சொல்ல வேண்டும்.

எனக்கு இது புரிந்தது ஒரு குளியலறைத் தாழ்ப்பாளில். சில வருடம் முன்னால் இதே பகுதியில் ஒரு விடுதி. இரவு பத்தே முக்கால். பெண்பிள்ளைகள் அறையிலிருந்து ஒருத்தி ஓடி வந்து, ‘மிஸ், அவ பாத்ரூம்ல மாட்டிக்கிட்டா’ என்றாள். போய்ப் பார்த்தால் உள்ளே ஈரத்தில் ஊதிப்போன பிளைவுட் கதவு, துருப்பிடித்த தாழ்ப்பாள். உள்ளே தள்ளியது வெளியே வரவில்லை. அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு சத்தமே இல்லை. எனக்கு அடிவயிற்றில் புளியைக் கரைத்தது. ரிசப்ஷனில் இருந்த தம்பிக்கு வயது இருபது இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் டிரைவர் அண்ணன்தான் பஸ்ஸிலிருந்து டூல் பாக்ஸைக் கொண்டுவந்து கீலைக் கழற்றினார். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் வெண்டிலேட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டு நின்று அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் வீட்டு நாய்க்குட்டி, அவளுடைய அத்தை கல்யாணம் என்று எதையெதையோ பேசினோம். வெளியே வந்தபோது அவள் விரல் நகமெல்லாம் கதவைச் சுரண்டிப் பெயர்ந்திருந்தது.

அன்றிலிருந்து எந்த விடுதிக்குப் போனாலும் பிள்ளைகள் அறைக்குள் நுழையும் முன் ஒவ்வொரு குளியலறைக் கதவையும் நானே உள்ளே போய்த் தாழிட்டுத் திறந்து பார்க்கிறேன். மூன்று மூன்று பேராகத் தங்க வைத்தால் உங்களுக்குப் பெண்பிள்ளைகளுக்கு 7, பையன்களுக்கு 8, ஆக 15 அறைகள். அரைமணி நேர வேலை. மக்கர் செய்யும் தாழ்ப்பாளில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டி, ‘தாழ் போடாதே, வெளியே உன் தோழி நிற்பாள்’ என்று சொல்லிவிட வேண்டும். அதே சுற்றில் கீசரையும் பாருங்கள். ஈரச் சுவரில் சுவிட்ச் ஆடினால், ஒயர் வெளியே தெரிந்தால், அந்த அறைக்குக் கீசர் வேண்டாம், மெயினை அணைத்துவிடச் சொல்லுங்கள். செட்டிநாட்டு வெயிலுக்குப் பச்சைத் தண்ணீர் போதும். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அறைக்கு இரண்டு கட்டில்தான் இருக்கும், மூன்றாவது ஆளுக்கு ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்று தரையில் ஒரு மெத்தையைப் போடுவார்கள். இதை மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது.

இந்த ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளி, பொட்டலும் முள்காடும் சுற்றியிருக்கும் இடத்தில் இருக்கின்றன. கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிப்பது அதற்கு வழக்கம். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடிகாலையில் வயிறு வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை, இமை தானாக விழுகிறது என்று பிள்ளை சொன்னால், பஃபே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் கட்டில் இல்லாத பிள்ளை இருக்கக்கூடாது. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு மூன்று பேரைக் குறுக்காகப் படுக்க வைக்கலாம், பிள்ளைகளுக்கு அது குதூகலம்தான். கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைக்கச் சொல்லுங்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள், தேள் இருக்கும் பூமி இது. இரவு அறையை விட்டு வெளியே கால் வைத்தால் செருப்பும் டார்ச்சும் வேண்டும்.

பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் நிச்சயம். பக்கத்தில் காரைக்குடி அரசு மருத்துவமனை, பெரிய சிகிச்சை என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முன்னதாகப் போகும் நாளிலேயே ரிசார்ட்டிலிருந்து காரைக்குடி மருத்துவமனைக்கு ஒருமுறை வண்டியில் போய் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 108-க்கு வழி சொல்ல வசதியாக, ரிசார்ட் திரும்பும் இடத்தில் இருக்கும் கோயிலோ கடையோ எதையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அதே மருத்துவமனைக்கு ஊசிக்குப் போக வேண்டும், எவ்வளவு சின்னக் கீறலாக இருந்தாலும் சரி.

நீச்சல்குளம். நான் விடுவதில்லை. பிள்ளைகள் முகம் வாடும், உடன்வரும் ஆசிரியர்களே ‘பாவம், கொஞ்ச நேரம்’ என்பார்கள். இருந்தாலும் விடுவதில்லை. மூழ்கும் பிள்ளை கையை வீசிக் கூப்பிடாது. தலை பின்னால் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்திலேயே இருக்கும். மூச்சுக்கே போராடும்போது கத்துவதற்கு மூச்சு ஏது? கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பத்துப் பேர் கூச்சல் போட்டு விளையாடும் குளத்தில் அது விளையாட்டுப் போலவே தெரியும். எல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பள்ளி ஏற்கெனவே பெற்றோருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது, மறுக்க வழியில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஆழமான பக்கம் நின்று பாருங்கள். அடித்தள ஓடு தெளிவாகத் தெரியவில்லை என்றால் பேச்சே இல்லை, குளம் கிடையாது. கலங்கின தண்ணீரில் அடியில் கிடக்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சுத்தம் என்றால், பெற்றோர் தனியாகக் கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் மட்டும், ஒரு நேரத்தில் 10 பேர், 20 நிமிடம். மார்பளவு ஆழத்துக்கு மேல் போகாமல் குறுக்கே கயிறு கட்டுங்கள். நீந்தத் தெரிந்த ஓர் ஆசிரியர் கரையில் நிற்க வேண்டும், உட்காரக்கூடாது, கையில் போன் கூடாது. இன்னொருவர் தலையை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நீளமான மூங்கில் கழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டே இல்லாத குளம் என்றால் இரவு காவல் ஆசிரியரின் நாற்காலி அங்கே போக வேண்டும்.

இதே கண்டிப்பு ஊருணிக்கும் வேண்டும். செட்டிநாட்டு ஊர்களில் படிக்கட்டு வைத்த ஊருணிகளும் கோயில் குளங்களும் அழகாக இருக்கும். ‘காலை மட்டும் நனைச்சுக்கிறேன் மிஸ்’ என்று கேட்காத பிள்ளை இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் படி பாசி பிடித்து வழுக்கும், அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேல்படியோடு சரி.

இரவுதான் நீளமானது. 44 பிள்ளைகளுக்கும் வீட்டை விட்ட முதல் இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு அறைக்குள், பத்துக்கு விளக்கணைப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். பன்னிரண்டு மணி வரை கதவு திறந்து மூடும். அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுங்கள். இரண்டிரண்டு பேராக முறை வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பெண்பிள்ளைகள் அறைகளும் பையன்கள் அறைகளும் வேறு வேறு வரிசையில் இருக்க வேண்டும், வரிசையின் முதல் அறையில் ஆசிரியர். வெளி ஆட்கள் தங்கியிருக்கும் அறைகள் நடுவில் வரவே கூடாது, இதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை இரவில் இந்த மாதிரி இடங்களுக்குக் குடித்துவிட்டு வரும் கூட்டம் உண்டு.

ஊழியர் யாரும் ஆசிரியர் துணை இல்லாமல் பிள்ளைகள் அறைக்குள் போகக்கூடாது. பல்பு மாற்றவோ தண்ணீர் வைக்கவோ கூட. ஆசிரியர்களுக்கும் அதேதான்: கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, ‘அந்த அண்ணன் என்னைத் தொட்டார்’ என்று சொன்னால் துருவிக் கேட்காமல், நம்பிக் கேட்டு, அந்த நிமிடமே நடவடிக்கை எடுக்க வேண்டும். 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் எடுக்கும்.

கரண்ட் போகும். போனால் பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஓடி வருவார்கள், கத்துவார்கள், அந்த இருட்டில் ஒருவர் படியில் விழுவார். மாலையிலேயே சொல்லிவிடுங்கள்: விளக்கு போனால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, மிஸ் ஒவ்வொரு கதவாக வந்து தட்டுவேன், உள்ளே இருந்தே நம்பரைச் சொல்ல வேண்டும்.

நம்பர் என்றது எண்ணிக்கைக்கு. 1 முதல் 44 வரை ஆளுக்கொரு நம்பர், கிளம்பும் முன்பே பள்ளியில் இரண்டு நாள் பழக்கிவிடுங்கள். ஆனால் குரலை மட்டும் நம்பாதீர்கள். வராத நண்பனுக்காக நம்பர் சொல்லிவிடும் பாசக்காரப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. பஸ்ஸில் எல்லாரையும் உட்கார வைத்து, பின் சீட்டிலிருந்து முன்னால் வரைக்கும் நடந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து எண்ணுங்கள். உங்கள் 11 பேரை நீங்கள், அவர் 11 பேரை அவர். நாலு பேரும் ‘சரி’ என்ற பிறகுதான் டிரைவர் வண்டியை எடுக்கலாம்.

அந்த டிரைவருக்குப் படுக்க இடம் கேட்டீர்களா? முக்கால்வாசி விடுதியில் டிரைவருக்கு என்று அறை கிடையாது. கொசுக்கடியில் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துவிட்டு, மூன்றாம் நாள் உங்கள் 44 பிள்ளைகளையும் திருச்சிக்கு ஓட்டி வருவார். அவருக்கும் ஃபேன் உள்ள ஓர் அறை, பிள்ளைகளுக்கு வைக்கும் அதே சாப்பாடு. பள்ளி கொடுக்கவில்லை என்றால் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அந்த அறைக்குப் பணம் கட்டியிருக்கிறோம்.

சாப்பாட்டுக்கு மெனுவைச் சுருக்குங்கள். பத்து வகை பஃபே வைக்கிறேன் என்று மேனேஜர் ஆசை காட்டுவார். மத்தியானம் வடித்த சோறு ராத்திரி ஃப்ரைட் ரைஸ் ஆகும், பனீர் எப்போது வாங்கினது என்று யாருக்கும் தெரியாது. காலையில் இட்லி, பொங்கல், சாம்பார். இரவு சப்பாத்தி குருமா அல்லது இடியாப்பம், அப்போதே வடித்த சோறு, ரசம். எல்லாம் ஆவி பறக்க வர வேண்டும், ஏழரைக்கு வர வேண்டும். முட்டை வேண்டுமானால் அவித்தது. கோழி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், செட்டிநாட்டுக்கு வந்து கோழி சாப்பிடாமல் போனால் பையன்கள் மனம் உடைந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் காரைக்குடியில் கூட்டம் அலைமோதும் கடையில் வாங்கிக் கொடுங்கள், காரத்தைக் குறைக்கச் சொல்லி. சாயங்காலம் ரிசார்ட் சமையலறை அக்காவிடம் வெள்ளைப்பணியாரம் கேட்டுப் பாருங்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவைக் கரண்டியில் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுத்து, சுடச்சுடக் காரச் சட்னியோடு கொடுப்பார்கள். வாணலியிலிருந்து நேரே தட்டுக்கு வருவதால் பயமில்லை. மெனுவில் இல்லாவிட்டாலும் உள்ளூர்க்காரர்கள் கைக்குத் தெரியும். அந்த விடுதியிலேயே நல்ல பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் கேனை சீல் பிரிக்காமல் உங்கள் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பொடி முப்பது பாக்கெட்டாவது கொண்டுபோங்கள், ஒரு பாக்கெட்டுக்கு அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீர். கடையில் விற்கும் இனிப்புப் பானம் அதற்கு ஈடாகாது. நாப்கின் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை வயதுக்கு வருவது டூரில் நடப்பது உண்டு, அந்தப் பிள்ளையை உட்கார வைத்து மெதுவாகப் பேசவும் அவள் அம்மாவுக்கு நீங்களே போன் செய்யவும் தயாராக இருங்கள். ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று. ஒப்புதல் கடிதம், ஒவ்வாமைப் பட்டியல், பெற்றோர் எண்கள் காகிதத்தில் வேண்டும், போன் சார்ஜ் இறங்கிவிடும். பிள்ளைகள் கையில் போன் வேண்டாம். கேம்ப் ஃபயர் வேண்டாம், மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்துவார்கள், பிள்ளைகள் பாலியெஸ்டர் துப்பட்டாவோடு சுற்றி நிற்பார்கள்.

பகலில் பிள்ளைகளை ரிசார்ட்டில் வைத்திருக்காதீர்கள். புல்தரை, ஊஞ்சல், கேரம் போர்டு எல்லாம் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும், அலுத்த பிள்ளைதான் சுவர் ஏறும். வெளியேதான் செட்டிநாடு இருக்கிறது.

என் கையில் விட்டால் வெள்ளிக்கிழமை வரும் வழியிலேயே திருமயம். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை என்பார்கள், ஊமையன் கோட்டை என்றும் உள்ளூரில் பெயர் உண்டு. பதினொரு மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் பாறை கொதிக்கும். உச்சியில் பீரங்கி இருக்கிறது. பாறை நடுவில் குடைந்த சின்ன சிவன் அறைக்கு இரும்பு ஏணி உண்டு, அந்த ஏணி அடியில் ஓர் ஆசிரியர் நின்று ஒவ்வொருவராக ஏற்ற வேண்டும். கைப்பிடி இல்லாத சரிவுகள் உண்டு, ஓடக் கூடாது என்பதைக் கீழேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையார்பட்டிக்குச் சனிக்கிழமை விடிந்ததும் போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், விடுமுறை நாளில் கூட்டமும் நெரியும். அது பாண்டியர் காலக் குடைவரை. இரண்டே கை, வலப்பக்கம் வளைந்த துதிக்கை, பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் அதுவும் ஒன்று என்று சொல்லி, மற்ற எட்டையும் பிள்ளைகளிடம் தேடச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை பிற்பகலை முழுக்க ஆத்தங்குடிக்குக் கொடுங்கள். அங்கே பெரிய வீட்டைப் பார்க்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். முகப்பிலிருந்து வளவு என்னும் நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு என்று பின்வாசல் தெருவரைக்கும் நேராகப் பார்வை போகும். பர்மா தேக்கு, இத்தாலிய சலவைக்கல் என்று வழிகாட்டி அடுக்குவார், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வளவில் உட்கார வைத்து வேறு ஒன்றைச் சொல்லுங்கள். நகரத்தார் குடும்பங்களில் கல்யாணம் ஆன மகன்கள் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனி அடுப்பு. ‘வேறு வைப்பது’ என்று அதற்குப் பெயர். கல்யாணமான புதிதிலேயே மாமியார் சாமான் செட்டெல்லாம் கொடுத்து மருமகளை வேறு வைத்துவிடுவார். கூட்டுக்குடும்பத்துக்குள்ளேயே தனிக்குடித்தனம். இதைச் சொன்னதும் எங்கள் பெண்பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே ஒரு மணி நேரம் போனது. நடுமுற்றத்துக்கு நாலு பக்கமும் கூரை சரிந்திருப்பதைக் காட்டி, வறண்ட ஊர்க்காரர்கள் மழையை எப்படிப் பிடித்தார்கள் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆத்தங்குடித் தரை ஓடு செய்யும் பட்டறை. முன்கூட்டியே பேசிவைத்தால் பதினைந்து பதினைந்து பேராக உள்ளே விடுவார்கள். ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டகம், அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. சிவப்பு, பச்சை, மஞ்சள் சிமெண்டுக் கூழை அந்தந்தக் கட்டத்தில் கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் மேலே எடுத்துவிடுவார். கோடு கலையாது. அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டுப் பொடி, பிறகு ஈரக் கலவை, கரண்டியால் மட்டம். முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்திருப்பதால் செய்கிறவருக்கே பூ தெரியாது. காய வைத்து, தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளை கிடையாது. எங்கள் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். முதல் நாள் இரவு வீட்டு ஞாபகத்தில் அழுதவன். தயாராக இருந்த ஓட்டிலிருந்து கண்ணாடியை எடுக்க அங்கிருந்த அண்ணன் அவனைக் கூப்பிட்டார். கண்ணாடி போனதும் கீழே ஈரப்பளபளப்போடு நீலப் பூ. அவன் அதைத் தொடாமல் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று இரவு அவன் அறைக்கதவு திறக்கவே இல்லை, பத்து மணிக்கே தூங்கிவிட்டான்.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போகிறீர்கள் என்றால் ஞாயிறு காலை திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்க்காரர்கள். 44 பிள்ளைகளும் அங்கே சத்தம் போடாமல் நிற்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். கானாடுகாத்தான் தெருக்களில் ஒரு நடை போகலாம். அங்கே இருக்கும் செட்டிநாட்டு அரண்மனைக்குள்ளே போக முடியும் என்று மட்டும் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு 44 பேரோடு போக வேண்டாம், எல்லாம் பீங்கானும் கண்ணாடியும்.

ஞாயிறு கிளம்பும் முன் ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லுக்குப் போடும் ரீடெய்னர், மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடைக்கும். உடைந்தது, கிழிந்தது என்று மேனேஜர் பில் போடுவார். அதற்காகத்தான் வந்த நாளே அறைகளைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்வேன். அந்தத் தாழ்ப்பாள், ஒயர், குளத்துக் கேட் விஷயங்களை ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் ஒன்றும் தலைமையாசிரியரிடம் ஒன்றும் கொடுங்கள். அடுத்த மாதம் வேறொரு பள்ளி அதே அறைகளுக்கு வரும்.

திருச்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பெற்றோருக்குச் செய்தி போடுங்கள். எத்தனை சொன்னாலும் ஒரு பிள்ளையை அழைக்க ஆள் வரத் தாமதமாகும். எட்டரை ஆகும், ஒன்பது ஆகும், வாட்ச்மேன் ‘நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க மிஸ்’ என்பார். போகாதீர்கள். அந்தப் பிள்ளையோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். வீட்டு ஆள் வந்து பிள்ளையின் கையைப் பிடித்ததும், பட்டியலை எடுத்து 44-வது பெயருக்கும் டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.